புதுக்கோட்டையை நான்காகக் கிழித்த கோட்டைத் திருத்துங்கள்

கொள்ளிடம் பாலத்தைக் கடந்தால் நாடாளுமன்றத் தொகுதி மாறிவிடுகிறது. தென்கரையில் ஸ்ரீரங்கம் திருச்சிராப்பள்ளித் தொகுதியில். வடகரையில் சமயபுரம் பெரம்பலூர்த் தொகுதியில். தைப்பூசத்தன்று ஸ்ரீரங்கத்து அரங்கனிடமிருந்து தங்கை சமயபுரத்தாளுக்குக் கொள்ளிடக் கரையில் சீர் வருகிறது. அந்த உறவு இன்றும் முறியவில்லை. ஒரே நீர், ஒரே மாவட்டம், ஒரே ஆட்சியர் அலுவலகம். ஆனால் வடகரைக்காரர் மக்களவைக்கு வேட்புமனு கொடுக்க வேண்டுமானால் பெரம்பலூர் ஆட்சியரகத்துக்குப் போக வேண்டும்.

இந்தக் கோட்டைப் போட்டது 2008இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறை ஆணை. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத் தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளையும் 234 சட்டமன்றத் தொகுதிகளையும் புதிதாக வரைந்தது. அந்த வரைபடத்தில் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நேர்ந்தது அநீதி என்று இத்தலையங்கம் சொல்கிறது. அடுத்த மறுவரையறையில் அது திருத்தப்பட வேண்டும் என்று கோருகிறது. அந்த அநீதியைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்த கட்சிகளையும் கண்டிக்கிறது.

முதலில் புதுக்கோட்டை. அந்த மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள் என்பது கணக்கு. ஆறுக்கு ஆறு பொருந்துகிறது. அந்த ஆறையும் சேர்த்து ஒரு மக்களவைத் தொகுதி என்று எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நடந்தது என்ன? புதுக்கோட்டை என்ற மக்களவைத் தொகுதியே அழிக்கப்பட்டது. கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிக்கு. விராலிமலை கரூருக்கு. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு. அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. ஒரு மாவட்டத்து மக்கள் நான்கு தொகுதிகளின் ஓரங்களில் போய் ஒட்டப்பட்டார்கள். நான்கில் எதிலும் அவர்கள் பெரும்பான்மை இல்லை. எந்த வேட்பாளரும் புதுக்கோட்டை மாவட்டத்து மக்களின் தயவில் மட்டும் ஜெயிக்க முடியாது. அவர்களைப் புறக்கணித்துவிட்டும் ஜெயிக்கலாம்.

மக்கள்தொகை போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? 2001 கணக்கின்படி புதுக்கோட்டை மாவட்டத்தில் 14.59 லட்சம் பேர். மாநிலத்தின் 6.24 கோடியை 39ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 16 லட்சம். வித்தியாசம் பத்து விழுக்காடுகூட இல்லை. இதே ஆணையம், இதே ஆணையில், கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளையும் சேர்த்து ஒரு மக்களவைத் தொகுதி ஆக்கியது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆறையும் சேர்த்து ஒன்று ஆக்கியது. கிருஷ்ணகிரியிலும் அப்படியே செய்தது. அந்த மாவட்டங்களுக்குக் கிடைத்தது நியாயம்தான். புதுக்கோட்டைக்கு அது ஏன் மறுக்கப்பட்டது? மாநிலத்தின் எண்ணிக்கை 39இல் உறைந்து நிற்க, சென்னையைச் சுற்றிய மாவட்டங்களில் மக்கள் பெருகியதால் எங்கோ ஓரிடத்தில் குறைத்தாக வேண்டியிருந்தது என்பது நமக்கும் தெரியும். ஆனால் குறைப்பதற்கு ஒரு முழு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து அதை நான்காகப் பங்குபோட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சட்டம் சொல்வது வேறு. 2002ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறைச் சட்டம், ஒன்பதாம் பிரிவு: தொகுதிகள் இயன்றவரை புவியியல்படி கச்சிதமான பகுதிகளாக இருக்க வேண்டும், இயற்கை அமைப்பு, நடப்பிலுள்ள நிர்வாக எல்லைகள், போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். நிர்வாக எல்லை என்றால் நம் ஊரில் மாவட்டம், வட்டம். அறந்தாங்கிக்காரருக்கு மாவட்டத் தலைநகர் புதுக்கோட்டை. பேருந்து போவது புதுக்கோட்டைக்கு. மாவட்ட நீதிமன்றம், ஆட்சியரின் மக்கள் குறைதீர் நாள் எல்லாம் புதுக்கோட்டையில். நாடாளுமன்ற உறுப்பினர் மட்டும் ராமநாதபுரத்துக்காரர். இதில் எது மக்களின் வசதி?

திருச்சி மாவட்டத்தின் கதையும் சோகம்தான். ஒன்பது சட்டமன்றத் தொகுதிகள். ஸ்ரீரங்கம், திருச்சி மேற்கு, திருச்சி கிழக்கு, திருவெறும்பூர் நான்கும் திருச்சி மக்களவைத் தொகுதியில். லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் நான்கும் பெரம்பலூரில். மணப்பாறை கரூரில். லால்குடியும் முசிறியும் 2008 வரை திருச்சித் தொகுதியில் இருந்தவை. அவற்றை வெளியே தள்ளிவிட்டு, காலியான இடத்தில் புதுக்கோட்டையின் இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெரம்பலூர் என்று பெயர் சொல்லும் தொகுதியின் ஆறில் நான்கு திருச்சி மாவட்டத்தவை; பெரம்பலூர் மாவட்டத்துக்கு அதில் ஒரே ஒரு சட்டமன்றத் தொகுதி. அந்த மாவட்டத்தின் இன்னொரு தொகுதியான குன்னம் சிதம்பரத்துக்குப் போய்விட்டது. இதற்கு மேலும் ஒன்று: கரூர் மாவட்டத்துக் குளித்தலையை எடுத்துப் பெரம்பலூருக்குக் கொடுத்தார்கள், திருச்சி மாவட்டத்து மணப்பாறையைக் கரூரில் வைத்தார்கள். கலைஞர் 1957இல் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போன குளித்தலை, கரூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பெரம்பலூருக்கு வாக்களிக்கிறது. இந்த ஏற்பாட்டால் பயன்பெற்ற வாக்காளர் ஒருவரைக் காட்டச் சொல்லுங்கள்.

இதனால் என்ன கெட்டுவிட்டது, யார் வந்தாலும் நாடாளுமன்ற உறுப்பினர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு மாவட்ட ஆட்சியரகத்தின் கண்காணிப்புக் குழுக் கூட்டத்தை நினைத்துப் பார்க்கட்டும். மத்திய அரசின் திட்டங்கள் மாவட்டத்தில் எப்படி நடக்கின்றன என்று ஆராய்வதற்காக 2016 முதல் 'திஷா' என்ற குழு இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர்தான் அதற்குத் தலைவர். மாவட்டத்தில் பல உறுப்பினர்கள் இருந்தால் ஒருவர் தலைவர், மற்றவர்கள் இணைத்தலைவர்கள். புதுக்கோட்டையில் நான்கு பேர். நூறு நாள் வேலைக் கூலி பாக்கி, வீடுகட்டும் திட்டம், கிராமச் சாலை என்று எதைப் பற்றிப் பேசினாலும் நால்வருக்கும் மாவட்டத்தின் ஓரத்துண்டில்தான் பொறுப்பு. கரூர் உறுப்பினரின் நிலை இன்னும் கடினம். அவருடைய தொகுதி கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என நான்கு மாவட்டங்களில் கிடக்கிறது. நான்கு ஆட்சியர்கள், நான்கு காவல் கண்காணிப்பாளர்கள், நான்கு கூட்டங்கள். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியை வேடசந்தூருக்கும் விராலிமலைக்கும் இடையே பங்கிட வேண்டும். யாரையும் நாம் குறை சொல்லவில்லை. எவ்வளவு உழைக்கும் உறுப்பினர் வந்தாலும் இந்த அமைப்பு அவரைச் சிதறடிக்கும்.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாயைப் பாருங்கள். மாயனூர் கதவணையிலிருந்து புறப்பட்டுப் புதுக்கோட்டையின் வறண்ட கண்மாய்களை நிரப்ப வேண்டிய கால்வாய் அது. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது விராலிமலை வட்டாரத்தில்தான். புதுக்கோட்டை மாவட்டத்தின் பல தலைமுறைக் கோரிக்கை. டெல்லியில் மத்திய நிதிக்காகவும் அனுமதிக்காகவும் விடாமல் நின்று கேட்க, இது என் தொகுதியின் உயிர்ப்பிரச்சினை என்று சொல்ல ஒரு மக்களவை உறுப்பினர் இந்த மாவட்டத்துக்கு இல்லை. நான்கு பேருக்கு அது பல கோரிக்கைகளில் ஒன்று. அதே போலத்தான் கொள்ளிடம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டபோது நதியின் இரு கரைகளும் சேர்ந்துதான் பதறின. நாடாளுமன்றத்தில் அந்த இரு கரைகளுக்கும் ஒரே குரல் இல்லை.

தொகுதி என்பது வாக்காளர் பட்டியலைக் கட்டிவைக்கும் கயிறு என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு தொகுதிகளின் வரலாறு தெரியாது. 1952இல் திருச்சியின் முதல் உறுப்பினரான டாக்டர் இ. மதுரம் சுயேச்சையாக நின்று வென்றவர். 1957இல் காங்கிரஸின் எம்.கே.எம். அப்துல் சலாம். அதன்பின் பொன்மலை ரயில்வே தொழிலாளர்களின் தலைவர் கே. ஆனந்த நம்பியார் 1962இலும் 1967இலும் வென்றார். 1971இலும் 1977இலும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எம். கல்யாணசுந்தரம். தொடர்ந்து நான்கு தேர்தல்களில் செங்கொடிக்கு வாக்களித்த தொகுதி இது. அந்தத் தொடர்ச்சி தொழிற்சாலை வாசலிலும் பொன்மலைப் பட்டறையிலும் வளர்ந்தது. தொகுதியின் மண்ணோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு எல். அடைக்கலராஜ் 1984 முதல் 1996 வரை நான்கு முறை. 1998, 1999இல் பா.ஜ.க.வின் ரங்கராஜன் குமாரமங்கலம். மத்திய மின்துறை அமைச்சராக இருந்தபோதே 2000 ஆகஸ்டில் அவர் காலமானார்.

புதுக்கோட்டையின் வரலாறு அதைவிட ஆழமானது. தொண்டைமான்களின் சமஸ்தானமாக இருந்த நிலம். 1948 மார்ச் 3இல் இந்தியாவுடன் இணைந்து திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்தது. 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் ஆவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1952இல், அது மக்களவைத் தொகுதி. முதல் தேர்தலில் கே.எம். வல்லத்தரசு. 1962இலும் 1967இலும் ஆர். உமாநாத். இந்த உமாநாத்தையும் திருச்சியின் ஆனந்த நம்பியாரையும் சேர்த்தே நாட்டின் அரசியல் சட்ட வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. 1964 இறுதியில் இருவரும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் சிறைவைக்கப்பட்டார்கள். எங்களைத் தேர்ந்தெடுத்த மக்களின் சார்பில் நாடாளுமன்றத்தில் உட்கார எங்களுக்கு உரிமை உண்டு, காவலில் வைத்து அதைத் தடுக்க முடியாது என்று இருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1965இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. ஆனால் இன்றும் நாடாளுமன்றச் சிறப்புரிமை பற்றிய சட்டப் புத்தகங்களில் 'ஆனந்த நம்பியார் வழக்கு' இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளின் இரண்டு உறுப்பினர்கள், தங்கள் வாக்காளர்களின் உரிமைக்காகச் சிறையிலிருந்து வழக்காடினார்கள். அந்த இரண்டில் ஒரு தொகுதி இன்று இல்லை.

1952 முதல் 2004 வரை தேர்தல் கண்ட தொகுதியை அழிக்கும்போது, ஏன் அழிக்கிறோம் என்று அந்த மக்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாமா? பழைய புதுக்கோட்டைத் தொகுதி குறையே இல்லாதது என்று நாம் சொல்லவில்லை. அப்போதும் திருமயம் சிவகங்கையில் இருந்தது. தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் புதுக்கோட்டையோடு சேர்ந்திருந்தன. 2008இல் கிடைத்த வாய்ப்பே அந்தக் குறையைச் சரிசெய்து மாவட்டத்தை முழுமையாக்குவதுதான். மாவட்டத்துக்குள் சட்டமன்றத் தொகுதிகள் ஐந்திலிருந்து ஆறாக உயர்ந்ததும் அந்த ஆண்டில்தான். கை நிறையப் பொருந்திவந்த கணக்கைக் கலைத்துவிட்டார்கள்.

மக்கள் அமைதியாக இருக்கவில்லை. 2009 மக்களவைத் தேர்தலில் புதுக்கோட்டை வாக்காளர்கள் வாக்குச்சாவடிக்கே போய், 49-ஓ விதியின்கீழ் யாருக்கும் வாக்கில்லை என்று பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள். 'நோட்டா' பொத்தான் வருவதற்கு முந்தைய காலம் அது. தன் எதிர்ப்பை வாக்குச்சாவடி அலுவலர் முன்னால் சொல்லிப் பதிய வேண்டும். அத்தனை கூச்சத்தையும் விட்டு அவர்கள் அதைச் செய்தார்கள். அதன்பிறகு வந்த எந்தத் தேர்தல் அறிக்கை இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது? தொகுதி மறுவரையறை ஆணையத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பத்து இணை உறுப்பினர்கள் உண்டு: ஐந்து மக்களவை உறுப்பினர்கள், ஐந்து சட்டமன்ற உறுப்பினர்கள். வாக்குரிமை இல்லாவிட்டாலும் பேசும் உரிமை அவர்களுக்கு உண்டு. மாற்றுக் கருத்தைப் பதியும் உரிமையும் உண்டு. தமிழ்நாட்டின் பெரிய கட்சிகள் எல்லாம் அந்த மேசையில் இருந்தன. ஒரு மாவட்டம் நான்காகும்போது அதைத் தடுத்து நிறுத்த அவர்களால் முடியவில்லை. முடியாமல் போனது ஒரு குற்றம் என்றால், அதன்பிறகு இத்தனை ஆண்டுகளாக அதைப் பற்றிப் பேசாமலே தேர்தலுக்குத் தேர்தல் வந்து வாக்குக் கேட்பது அதைவிடப் பெரிய குற்றம்.

நீதிமன்றம் போகலாமே என்றால், அரசியல் சட்டத்தின் 329ஆவது பிரிவு அந்த வாசலை அடைத்துவைத்திருக்கிறது. ஆணையத்தின் உத்தரவுக்குச் சட்டத்தின் வலிமை உண்டு, அதை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று 1966இல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024இல்தான், வெளிப்படையாகவே தன்னிச்சையான உத்தரவு என்றால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று ஒரு சிறு ஜன்னல் திறந்தது. எனவே திருத்தம் கோர வேண்டிய நேரம் கோடு போடப்படுவதற்கு முன்பு. போட்ட பிறகு அழுது பயனில்லை.

இங்கே ஒரு தவறான நிம்மதியையும் உடைத்தாக வேண்டும். 2025 மார்ச் 5இல் சென்னையில் நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டம், 1971 கணக்கை அடிப்படையாக வைத்து மாநிலங்களின் மக்களவை இடங்களை இன்னும் 30 ஆண்டுகளுக்கு மாற்றக்கூடாது என்று கோரியது. நியாயமான கோரிக்கை, இந்தப் பத்திரிகையும் அதை ஆதரிக்கிறது. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டை நேர்மையாகச் செய்த மாநிலம் தண்டிக்கப்படக் கூடாது. 1967இல் 41 இடங்களிலிருந்து 39க்கு இறக்கப்பட்ட வலி தமிழ்நாட்டுக்குத் தெரியும். ஆனால் எண்ணிக்கை உறைந்திருந்தால் நம் எல்லைகளும் பத்திரம் என்று எண்ண வேண்டாம். 2008இலும் எண்ணிக்கை 39ஆகவே உறைந்திருந்தது. அந்த உறைபனிக்குள்தான் புதுக்கோட்டை காணாமல் போனது. எத்தனை இடம் என்று சண்டை போடும் நம் தலைவர்கள், அந்த இடங்களை எப்படி வரைவது என்பதற்கு ஒரு வரைபடத்தையாவது மக்கள் முன் வைத்திருக்கிறார்களா?

கனடாவைப் பார்க்கச் சொல்கிறோம். தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோவின் வாக்காளர்களுக்கு இது பழக்கமான நடைமுறை. அங்கே பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் மூவர் கொண்ட தனி ஆணையம் அமைகிறது. 1964ஆம் ஆண்டின் சட்டம், மக்கள்தொகைச் சமன்பாட்டோடு அந்த வட்டாரத்து மக்களின் பொதுவான நலனையும், தொகுதியின் வரலாற்று வடிவத்தையும் கருத வேண்டும் என்று எழுத்திலேயே சொல்கிறது. அதற்காகச் சராசரியிலிருந்து 25 விழுக்காடு வரை விலக இடமும் தருகிறது. ஆணையம் தன் காரணங்களை அறிக்கையாக வெளியிடுகிறது. அங்கும் மனக்குறைகள் உண்டு. ஆனால் தன் தொகுதி ஏன் மாறியது என்று கேட்பவருக்குப் படிப்பதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. புதுக்கோட்டை வாக்காளருக்கு அது இல்லை. தொகுதியின் வரலாறும் கணக்கில் வர வேண்டும் என்று நம் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவிலும் ஒரு வரி சேர வேண்டும்.

இயலாததை நாம் கேட்கவில்லை. பழைய ஒருங்கிணைந்த திருச்சி மாவட்டம் இன்று திருச்சி, புதுக்கோட்டை, கரூர், பெரம்பலூர், அரியலூர் என ஐந்து மாவட்டங்கள். ஒன்பது, ஆறு, நான்கு, இரண்டு, இரண்டு: மொத்தம் 23 சட்டமன்றத் தொகுதிகள். ஏற்கெனவே கரூரோடு இருக்கும் வேடசந்தூரைச் சேர்த்தால் 24. நான்கு மக்களவைத் தொகுதிகள் மிச்சமின்றி அமைகின்றன. புதுக்கோட்டை ஆறும் முழுதாக ஒன்று. ஸ்ரீரங்கம், திருச்சி மேற்கு, கிழக்கு, திருவெறும்பூர், மண்ணச்சநல்லூர், மணப்பாறை சேர்ந்து திருச்சி. லால்குடி, துறையூர், பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் ஒன்று. கரூரின் நான்கோடு முசிறியும் வேடசந்தூரும் ஒன்று. சிதம்பரம், சிவகங்கை, ராமநாதபுரம் தொகுதிகள் இதனால் இழப்பவற்றை அவற்றின் சுற்றுப்புறத்தில் ஈடுகட்ட வேண்டிவரும். அங்குள்ள மக்களையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். இதைவிட நல்ல வரைபடம் யாரிடமாவது இருந்தால் அதை வைக்கட்டும். புதுக்கோட்டை மாவட்டத்தை உடைக்காததாக அது இருந்தால் போதும்.

அடுத்த மறுவரையறை ஆணையம் அமையும் நாளில் தமிழ்நாடு அரசு இந்தக் கோரிக்கையை எழுத்தில் அதன்முன் வைக்க வேண்டும். அதற்கு முன்பே சட்டமன்றத்தில் தீர்மானம் வேண்டும். திருச்சி, பெரம்பலூர், கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்களும், எந்தக் கட்சியினராயினும், ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டுத் தங்கள் நிலையை மக்களுக்குச் சொல்ல வேண்டும். வாக்காளர்களே, அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: புதுக்கோட்டைத் தொகுதி திரும்ப வர நீங்கள் என்ன செய்வீர்கள்? பதில் சொல்லாதவருக்கு வாக்களிக்காதீர்கள்.